வெட்கப்பட்டு மறைக்கும் நோய்களும் 2017-ம் ஆண்டுச் சட்டமும்

(வல்லத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை. கேட்கவந்தவர்கள் பலர் எழுத்தில் வேண்டும் என்று சொன்னதால் இங்கே தருகிறோம்.)



பெரியவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, தம்பிமார்களே,

இன்றைக்குப் பேசப்போகும் விஷயத்தை அழைப்பிதழில் போட எங்களுக்கே தயக்கமாக இருந்தது. ‘குடும்ப நலம்’ என்று மட்டும் அச்சடித்தோம். பால்வினை நோய் என்று போட்டிருந்தால் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டீர்கள். வந்தவர்களும், பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று வாசலிலேயே நின்றிருப்பீர்கள். அந்தத் தயக்கத்தில்தான் நோய் வளர்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்த ஒரு சகோதரி மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. என்ன நோய் என்று கேட்டோம். தயங்கினார். சீட்டைக் காட்டச் சொன்னோம். அப்போது அறையில் வேறு நான்கு பேர் இருந்தார்கள். சீட்டைப் பார்த்து, நோயின் பெயரைப் பதிவேட்டில் உதவி பெறுவோர் பெயருக்கு நேராக எழுதினோம். வேண்டும் என்று செய்ததல்ல. கணக்குக்கு வேண்டுமே என்று எழுதியதுதான். அந்தப் பதிவேடு மேசைமேல் திறந்தே கிடக்கும் ஒன்று. அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. விசாரித்தபோது வீட்டைக் காலிசெய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். வீட்டுக்காரருக்கு யார் சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் அறையிலிருந்து போன செய்தியாகவே அது இருக்கலாம்.

அப்போது அது ஒரு பண்புக்குறைவு என்று மட்டும்தான் நினைத்தோம். சட்டத்தைப் படித்த பிறகுதான், நாங்கள் செய்தது சட்டம் தடுத்திருக்கும் ஒன்று என்று புரிந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு வருகிறோம்.

பால்வினை நோய் என்றால் எய்ட்ஸ் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நம் பாட்டன்மார் வெட்டை என்றும் மேகநோய் என்றும் கிரந்தி என்றும் சொன்னவை இன்றும் இருக்கின்றன. கொனோரியா, சிபிலிஸ், கிளமிடியா, ஹெர்பிஸ் என்று மருத்துவர் சொல்லும் பெயர்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இவற்றில் பாக்டீரியாவால் வருபவை மருந்தில் குணமாகும். ஆரம்ப நிலை சிபிலிஸுக்குப் பெரும்பாலும் ஒரு தடவை போடும் பென்சிலின் ஊசி போதும். அதைக் கவனிக்காமல் விட்டால் கருவில் இருக்கும் குழந்தைவரை போகும். பிள்ளை இறந்தே பிறக்கலாம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையிலேயே இதற்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுக்கிறார்கள். ‘என் மருமகளைச் சந்தேகப்படுகிறார்களா’ என்று நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போன மாமியார் ஒருவரை எங்களுக்குத் தெரியும். அம்மா, அது சந்தேகம் இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்லப்படும் பரிசோதனை அது.

நம் வீடுகளில் அதிகம் நடப்பது இன்னொன்று. மனைவிக்கு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. மருந்து சாப்பிடுகிறார், சரியாகிறது. இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் கொடுக்கிறோம். வெள்ளைப்படுதல் எல்லாமே தொற்றினால் வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொற்றாக இருந்து, கணவர் மருந்து எடுக்காமல் இருந்தால், மனைவிக்கு எத்தனை முறை கொடுத்தாலும் அது திரும்பத்தான் செய்யும். கணவருக்கு வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும், மருந்து முடியும்வரை சேராமல் இருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய அமெரிக்காவில் சட்டமே கொண்டுவந்தார்கள். நேரில் பார்க்காத ஆளுக்கு மருத்துவர் மருந்து எழுதக்கூடாது என்பது அங்கே பொது விதி. கலிபோர்னியா மாநிலம் 2001-ல் கிளமிடியாவுக்கு அந்த விதியைத் தளர்த்தியது. நோயாளி தன் துணைக்கும் சேர்த்து மருந்தை வாங்கிப்போகலாம் என்றது. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அந்த வழிக்கு வந்தன. நம் நாட்டில் இதற்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில், நம் மாநிலத்தில் சுகவாழ்வு மையம் என்று பெயர், துணைக்கும் சிகிச்சை தருவது நடைமுறையிலேயே இருக்கிறது. அங்கே மருந்துகள் நிறம் நிறமான பெட்டிகளில் வரும். சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என ஏழு வகை. எந்த அறிகுறிக்கு எந்த நிறம் என்று ஊழியருக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர் காதில் நோயின் பெயர் விழ வேண்டியதில்லை. காசும் கிடையாது.

இப்படி இலவசமாக இருக்கும்போது நம் ஆட்கள் எங்கே போகிறார்கள்? வெள்ளிக்கிழமை செஞ்சி ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் வழியில் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன அறை எண், ஆண்களுக்கான எல்லா ரகசிய நோய்களும் ஒரே மாதத்தில் குணம். அப்படி ஒரு லாட்ஜ் அறைக்குப் போய், இருபதாயிரத்துக்கும் மேல் கொடுத்து லேகியம் வாங்கித் தின்ற தம்பி ஒருவர் எங்களிடம் வந்து அழுதிருக்கிறார். அவருக்கு இருந்தது கொனோரியா. அரசு ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் சிகிச்சை முடிந்தது. இந்த விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்பார்கள். பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே அதில் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. எழுபது ஆண்டு ஆகிவிட்டது. சுவரொட்டி இன்னும் ஒட்டப்படுகிறது. புகார் கொடுக்க வேண்டியவரும் வெட்கப்படுகிறாரே, என்ன செய்ய?

சட்டம் வந்தால் எல்லாம் நன்மைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோய்களின் பெயரால் வந்த பழைய சட்டங்கள் பலவும் நோயாளியைப் பிடித்து அடைக்க வந்தவை. வெள்ளைக்காரன் காலத்தில், 1868-ல், தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று போட்டார்கள். சிப்பாய்களுக்கு நோய் வராமல் இருக்க, தாசித் தொழில் செய்த பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயமாகச் சோதித்து, லாக் ஹாஸ்பிடல் என்ற இடங்களில் அடைத்தார்கள். சிப்பாயை யாரும் அடைக்கவில்லை. பெண்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், ஒளிந்தார்கள். 1888-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

நூறு ஆண்டு கழித்து அதே கதை மறுபடியும் நடந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அந்த ரத்தம் கொடுத்தவர்கள் காப்பகத்தில் இருந்த பெண்கள். பின்னாளில் தொற்று இருப்பதற்காகவே பெண்களை விடுவிக்காமல் வைத்திருக்க, ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் சென்னை உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப் போய் தொற்று தெரியவந்தது. 1989-ல் போலீஸ் அவரைப் பிடித்து, பழைய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் 64 நாள் அடைத்துவைத்தது. மாநிலச் சுகாதாரச் சட்டமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. ரத்தம் கொடுக்க வந்தவனுக்குக் கிடைத்த பரிசு அது.

மருந்தை மக்களிடம் கொண்டுசேர்த்த சட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1970-ல் நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டம் இயற்றியது. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் என்றது. நம் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்கலாம் என்று ஆயிற்று. எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு மேல்நாட்டில் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆன காலத்தில், 2001-ல், சிப்லா கம்பெனியின் யூசுஃப் ஹமீத், நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில், ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். ஆப்பிரிக்காவில் எத்தனையோ லட்சம் பேர் அப்படி மலிவாகக் கிடைத்த மருந்தில் பிழைத்தார்கள். 2005-ல் அந்தக் காப்புரிமைச் சட்டம் மாற்றப்பட்டு மருந்துக்கே காப்புரிமை என்று ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். அதற்கு முந்திய ஆண்டு, 2004 ஏப்ரல் 1-ல், இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று.

இன்றைக்கு நிலைமை என்ன? தினமும் மாத்திரை சாப்பிட்டால் எச்.ஐ.வி. உள்ளவர் மற்றவர்களைப் போல வேலை செய்து வாழலாம். மருந்தில் கிருமி அளவு கருவியில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், தாம்பத்தியத்தில் துணைக்குப் பரவுவதில்லை. மருந்து எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழ். நிலைமை இப்படி மாறிய பிறகும் நாம் முப்பது ஆண்டுக்கு முந்தைய மண்டையோட்டு போஸ்டரையே மனதில் வைத்திருக்கிறோம்.

இனி அந்தச் சட்டம். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017. நோயாளிகளின் சங்கங்களும் வழக்கறிஞர்களும் பத்து ஆண்டுக்கும் மேல் கேட்டுக் கேட்டு வாங்கியது. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா போன்ற பெண்கள், கணவர் மூலம் தொற்று வந்தவர்கள், தங்கள் பெயரையும் முகத்தையும் காட்டி நின்றதால் நாட்டின் காது திறந்தது. 2017 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதில் நமக்கு வேண்டியதைச் சொல்கிறோம். ஒருவரின் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தொற்று உண்டு என்ற விவரத்தை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வெளியே சொல்லக்கூடாது. விதிவிலக்குகள் மிகச் சில. வேலை, படிப்பு, வைத்தியம், வாடகை வீடு எதிலும் ஒதுக்கக்கூடாது. நோயாளியோடு வாழும் மனைவி, பிள்ளைகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. எய்ட்ஸ் நோயாளிகள் மீது வெறுப்பைத் தூண்டிப் பேசினாலோ பரப்பினாலோ மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தட்டிவிடும் தம்பிமார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகுபாடு கூடாத இடங்களைச் சொல்லும் பிரிவில் கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று போய், அடக்கஸ்தலமும் இறுதிச் சடங்கும் என்று வருகிறது. அதைப் படித்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மய்யித்தைக் குளிப்பாட்ட ஆள் வராமல் பிளாஸ்டிக் உறையோடு அடக்கிய ஒரு ஜனாஸா நமக்குத் தெரிந்த ஊரிலேயே நடந்தது. கையுறை போட்டு, காயம் இருந்தால் மூடிக்கொண்டு, வழக்கம்போல் குளிப்பாட்டலாம். கஃபனிடலாம். தொட்டதால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை இது.

சட்டம் ‘நிறுவனம்’ என்று சொல்வது கம்பெனியை மட்டுமல்ல. காசு வாங்கியோ வாங்காமலோ பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து சேவை செய்யும் எந்த அமைப்பும் அதில் அடங்கும். ஆகவே இந்த அறக்கட்டளையும் அடங்கும், ஜமாஅத்தும் அடங்கும் என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம். அந்த விவரம் நம்மிடம் வந்தால் அதைப் பாதுகாக்கும் ஏற்பாடு நம்மிடம் இருக்க வேண்டும். ஒருவர் நம்பிச் சொன்னது அமானிதம் என்று நாம் சிறு வயதிலிருந்து ஓதி வந்திருக்கிறோம். அதை எங்களுக்கு ஞாபகப்படுத்த நாடாளுமன்றம் வர வேண்டியிருந்தது.

நிக்காஹ் விஷயம் நம் கூட்டத்தில் பலமுறை எழுந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்காமல் நிக்காஹ் பதிவு செய்யக்கூடாது என்று ஒரு யோசனை. பெண்ணைப் பெற்றவர்களின் பயம் நியாயமானது. அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உச்சநீதிமன்றமே இதில் தடுமாறியிருக்கிறது. 1998-ல் ஒரு வழக்கில், ஆஸ்பத்திரி மாப்பிள்ளையின் தொற்றை வெளியே சொல்லி நிச்சயம் நின்றுபோனபோது, சொன்னது சரி, தொற்று உள்ளவருக்குத் திருமண உரிமை நிறுத்திவைக்கப்படுகிறது என்றது. திருமணம் பற்றிய அந்தக் கருத்து தேவையில்லாதது என்று 2002-ல் தானே விலக்கிக்கொண்டது. இன்றைய சட்டப்படி ஜமாஅத் யாரையும் கட்டாயப்படுத்திச் சோதிக்க முடியாது. கட்டாயப்படுத்தினாலும் பலன் குறைவு. தொற்று ஏற்பட்ட ஆரம்ப வாரங்களில் சோதனையில் தெரியாது. சீட்டு வாங்கியாகிவிட்டது என்று ஒரு பொய்யான நிம்மதிதான் வரும். இரு வீட்டாரும் பேசி, பிள்ளைகள் இருவரும் தாங்களாக நம்பிக்கை மையத்துக்குப் போய்ச் சோதித்து, முடிவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நல்ல வழி. கணவனுக்குத் தொற்று இருந்து அவன் மறைத்தால் மனைவி கதி என்ன என்று கேட்பீர்கள். ஆலோசனை சொல்லியும் அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்தால், அவனுக்கு முன்னறிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ அந்த மனைவியை நேரில் அழைத்துச் சொல்லச் சட்டம் அனுமதிக்கிறது. பரவாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் தொற்று உள்ளவருக்கு உண்டு.

அடுத்தது வளைகுடா மெடிக்கல். அதில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், சிபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள். தேறாதவருக்கு ‘அன்ஃபிட்’ என்று ஒரு வார்த்தை. விசாவுக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம், வீட்டில் என்ன சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். 2018 டிசம்பரில், சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்றே மாதத்தில், சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் தொற்று தெரியாது. அதற்கு முன் ஒருமுறை ரத்தம் கொடுத்தபோதே அது கண்டறியப்பட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தெரிந்ததும் அவரே ஓடிவந்து, என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். சில நாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வளவு நேர்மையான பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து ‘இது மருந்து உள்ள நோய்தான்’ என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. நம் வீட்டுப் பையன் மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ ஆகி வந்தால் காரணம் என்ன என்று துருவாதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள்.

இந்தச் சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. மருந்தும் பரிசோதனையும் அரசு ‘இயன்றவரை’ தர வேண்டும் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்கள். நோயாளிகள் சங்கங்கள் அதை எடுக்கச் சொல்லிப் போராடின. எடுக்கவில்லை. ஒரு நாள் மருந்து தீர்ந்துபோனால் கேட்கும் உரிமையை அந்த ஒரு வார்த்தை வலுவிழக்கச் செய்கிறது. இன்னொரு குறை, சட்டம் எச்.ஐ.வி.க்கு மட்டும்தான். சிபிலிஸ் வந்தவரின் ரகசியத்துக்கு இதே அளவு பாதுகாப்பு தரும் தனிச் சட்டம் இல்லை. மருத்துவரின் தொழில் ஒழுக்கத்தை நம்பித்தான் அவர் இருக்கிறார். எல்லாப் பால்வினை நோய்களுக்கும் இதை விரிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடும் லைட்டும் கேட்கும்போது இதையும் கேட்கலாம். புகார்களைக் கேட்க மாநிலந்தோறும் ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும், 30 நாளில் உத்தரவு தர வேண்டும், உயிர் அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்தில் என்று சட்டம் சொல்கிறது. இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சற்று முன் கேட்டோம். ஒரு கை எழவில்லை.

போக வேண்டிய இடங்களைச் சொல்லி முடிக்கிறோம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று கேளுங்கள். செஞ்சியில் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம் என்று பயந்தால் திண்டிவனம் போங்கள், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். இன்ன ஊர்க்காரர் இன்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று விதி இல்லை. வீட்டிலிருந்தே பேச இலவசத் தொலைபேசி எண் 1097. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

தனியாகப் போகத் தயங்கும் பெண்களோடு கூடப் போய்வர நம் மகளிர் குழுவில் இரண்டு சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் திரைக்கு அந்தப் பக்கமே அவர்களிடம் பேசலாம். மருத்துவப் பயண உதவிக்குப் புதுப் படிவம் அச்சடித்திருக்கிறோம். பெயர், ஊர், எத்தனை முறை போக வேண்டும், பஸ் கட்டணம் எவ்வளவு என்று நான்கு வரிதான். என்ன நோய் என்று எழுத அதில் இடம் விடவில்லை. பழைய பதிவேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.